மூன்று பழசு, ஒன்று புதுசு

வெள்ளிக்கிழமை, டுலூத் போலிஷ் மன்றத்தில்,
இரண்டாவது வால்ட்ஸின் நடுவே
அறுந்தது ஜி.
பேஸ் கிதாரில் கம்பி அறுவது
யானை தும்முவது போல:
வருடக்கணக்கில் நடக்காது,
நடந்தால் கூடமே திரும்பும்.
ட்ரம்ஸ்காரன் கஸ் பெரலா மட்டும் திரும்பவில்லை.
மீதி மூன்றில் ஒப்பேற்றினேன்.
யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை,
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்து சமையல் மேசையில் கிடத்தினேன்.
அறுபத்து நான்காம் வருடத்துக் கிதார்,
என்னைவிட நான்கு வயது மூப்பு.
தொண்ணூற்றொன்றில் வாங்கும்போதே
இருந்தவை இந்தக் கம்பிகள்:
தட்டை எஃகு நாடா சுற்றியவை,
விரல் சறுக்கினாலும் வாய் திறக்காதவை.
விற்ற பையன் சொன்னது இவ்வளவே:
"மாமாவோடது. மாமா இல்ல. முந்நூறு தர்றீங்களா?"
அந்த முகம் தெரியாத மாமாவின் விரல் அழுக்கின்மேல்
முப்பது வருட என் விரல் அழுக்கு.
தொட்டால் 'தும்'.
ஈரச் சாக்கு மூட்டை தரையில் விழுகிற மாதிரி,
ஆனால் சுருதியோடு.

மெர்ல் ஓஸ்ட்பி கடையில் ஒற்றைக் கம்பி கிடையாது.
"ஒரு கால் செருப்பு விற்பேனா, ரைலி?"
மூன்று உறைகளைப் பரப்பினான்.

வட்டச் சுற்று நிக்கல். கணீரென்று பேசும்,
ஃப்ரெட்டை அரம் போலத் தின்னும்.
கறுப்பு நைலான் விரலுக்கு வெண்ணெய்,
ஆனால் தடிமன். நட்டின் பள்ளத்தை அகலமாக்க வேண்டும்.
அறுபது வருட எலும்பில் அரத்தை வைக்க
அவனுக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை.
புதுத் தட்டைச் சுற்று:
அதே இனம்தான், விறைப்பு அதிகம்,
விலை அறுபத்திரண்டு டாலர்.

விலை எனக்குப் பெரிது.
நான் தாதுத் துறையில் வேலை.
ஏரி உறைந்தால் கப்பல் இல்லை,
மார்ச் வரை பாதிச் சம்பளம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
இந்த வறட்சியில் மரம் சுருங்கிக்
கழுத்து பின்னால் மல்லாக்கும்.
திருத்தும் திருகோ உடலுக்குள் ஒளிந்திருக்கிறது;
கால் சுற்றுத் திருப்ப
கழுத்தையே கழற்ற வேண்டும்.
வரைபடம் போட்டவன் குளிர்காலமே பார்த்திராதவன்.

மலிவென்று நிக்கலை வாங்கினேன். தப்பு.
ஞாயிறு ஒத்திகையில் முதல் சுரம் 'ணங்'.
அக்கார்டியன் டொலோரஸ் விய்சோரெக்
துருத்தியை மூடிவிட்டுச் சொன்னாள்:
"நான் நிற்கிற இடத்தில் வந்து நிற்காதே."
கஸ் கேட்டான்: "யாரது, புது ஆளா?"
என் கைகள்தான் அவை.
ஆனால் ஒவ்வொரு பிசகும்
பெயர் சொல்லி அழைக்கப்பட்டது.
இத்தனை காலம்
அந்த மூன்று பழசும் எனக்காக
எத்தனை பொய் சொல்லியிருக்கின்றன!

திங்கள் காலை மெர்லிடம் அறுபத்திரண்டை எண்ணி வைத்தேன்.
ஈ, ஏ, டி மூன்றும் பழசு, மறுபடி.
ஜி மட்டும் புதுசு.
மிச்ச மூன்று உறையோடு இழுப்பறையில்,
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில்.

கேட்டுப் பார்த்தேன்.
மூவர் முணுமுணுக்க
நாலாவது ஆள் எழுந்து நின்று உரையாற்றியது.

கம்பி மூப்படைய என்ன வழி?
எந்தப் புத்தகமும் வேண்டாம், வழி தட்டில் இருந்தது:
புகை போட்ட வெள்ளை மீன்.
தினமும் ராத்திரி மீனைத் தின்றேன்,
கையைக் கழுவாமல் வாசித்தேன்,
ஜியில் மட்டும், ஒரு மணி நேரம்.
சமையலறை நாறியது.
பூனை கிதாரின் காலடியில் குடியேறியது.
வேலையில்லாப் பெண்ணுக்கு
இதைவிட என்ன ஒழுங்கு வேண்டும்?

மூன்றாம் வாரம் அதே மன்றம், அதே வால்ட்ஸ்.
ஐந்தாவது ஃப்ரெட்டில் ஜி இன்னும் அரை மூச்சு
முந்திக்கொண்டுதான் பேசுகிறது.
அந்த இடம் வரும்போது விரலைத் தளர்த்துகிறேன்.
டொலோரஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கஸ் திரும்பவில்லை.
ஓய்வு வேளையில் கிட்டே வந்து,
மூக்கைச் சுருக்கி,
"ரைலி, சாப்பாட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்றான்.