முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

நஜஃப்கட் ஏரிக்குக் கைப்பேசி காட்டும் வழி
ஒரு குப்பைமேட்டில் முடிந்துவிடும்.
அதற்கப்பால் கடுகு வயலின் வரப்பில் நடக்க வேண்டும்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள்.
காற்றில் இன்னும் வைக்கோல் எரிந்த வாடை.
சூரியன், தேய்ந்துபோன ஐந்து ரூபாய்.

ரீமா தோபால் தொலைநோக்கியை முக்காலியில் பூட்டுகிறாள்.
வாரநாட்களில் துவாரகாவில் பல் பிடுங்குபவள்.
நான் தணிக்கை அலுவலகத்தில்
பிறர் கூட்டியதை மறுபடி கூட்டுபவள்.
ஆகவே எண்ணுவது என் பாடு,
அலகு பார்ப்பது அவள் பாடு.

நீர் என்று சொன்னால் நீர்.
குருகிராமின் சாக்கடை, ஆகாயத்தாமரை,
தலைகீழாக மின்கோபுரங்கள்.
பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்.
இங்கே எதை எதிலிருந்து பிரிக்க?

வரித்தலை வாத்து நாற்பத்தாறு.
பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு,
ஐயத்துக்கு இடம்தராத கையெழுத்து.
மீதமெல்லாம் சாம்பல் வாத்து,
பழைய கம்பளிகளை உலரப் போட்டதுபோல் கரைநெடுக.
பத்துப் பத்தாக எண்ணி
இருநூற்று அறுபத்தைந்தில் நின்றேன்.

அடுத்தது கொஞ்சம் சிறிது.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.
தலையை முதுகுச் சிறகில் செருகி
ஒற்றைக் காலில் நின்றது. அந்தக் காலும் சேற்றில்.
வயிற்றில் கறுப்புத் திட்டுகள்.
அல்லது அதுவும் சேறு.

"கால் ஆரஞ்சா, ரோஜாநிறமா?"
"தெரியவில்லை."
"நெற்றி?"
"நெற்றியைப் பொத்திக்கொண்டு தூங்குகிறது."

காத்திருந்தோம்.
விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு
ஒன்றன்பின் ஒன்றாய் மேலே போயின.
ஒரு வாத்தும் நிமிரவில்லை.

தீவனக் கட்டோடு வந்த பெண் வரப்பில் நின்றாள்.
"எதைத் தொலைத்தீர்கள்?"
ரீமா விளக்கினாள்: வடக்கே பனிக்கரை, வெள்ளை நெற்றி,
இந்தப் பக்கம் எப்போதாவது ஒன்று,
வழிதவறி வேறு கூட்டத்தோடு.
தயாவதி (பெயரைப் பிறகுதான் சொன்னாள்)
கட்டை இறக்காமலே கேட்டாள்:
"மற்றதுகள் அதைக் கொத்துகிறதா?"
"இல்லை."
"கூடவே மேய்கிறதா?"
"மேய்கிறது."
"அப்புறம் எங்கே வழிதவறியது?"
போய்விட்டாள். தீவனத்தின் பச்சை வாசனை மட்டும்
கொஞ்ச நேரம் நின்றது.

கோதுமை விதைப்புக்குக் காவலிருந்த பையன்
மிச்சமிருந்த வெடியைக் கொளுத்திப் போட்டான்.

கம்பளிகள் எல்லாம் ஒரேயடியாக எழுந்தன.
அந்தக் கரகரப்புக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல்,
இரண்டு எழுத்துச் சொல்லை
இரண்டு முறை சொன்னதுபோல்.
அலகு தொடங்கும் இடத்தில்
சுண்ணாம்பு விரல் பட்ட வெள்ளை.
ஆரஞ்சுக் கால்கள்.
பார்த்தேன். ஒரு மூச்சுக்கும் குறைவு.

ரீமா அப்போது கண்ணாடியில் படிந்த
ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புகைக்குள் போனது போனதுதான்.
பதினோரு மணிவரை திரும்பவில்லை.

துவாரகா மெட்ரோவில் படிவத்தை முழங்காலில் விரித்தேன்.
நாற்பத்தாறு. இருநூற்று அறுபத்தைந்து.
வெண்ணெற்றி: ஒன்று.
எந்தக் கட்டத்தில் போட்டாலும் மொத்தம் மாறாது,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"உறுதியா?" என்றாள் ரீமா,
வலிக்கிறதா என்று கேட்கும் அதே குரலில்.

மற்றதெல்லாம் மையில். அது மட்டும் பென்சிலில்.
அழிப்பான் கைப்பையில்தான் இருந்தது.
ஜனக்புரி வரை
கைப்பையைத் திறக்கவில்லை.