இரண்டு விரற்கடை

மூன்றாவது முறையும் புதைந்தபோது
விலியாமி டிராக்டரோடு வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
சங்கிலியைக் கொளுவும்போது மட்டும்
தொங்கா மொழியில் ஏதோ பாடினான்,
அதில் என் பெயர் வந்ததுபோல் இருந்தது.

ராபின்வேலுக்குத் தெற்கே வாதுமைத் தோட்டம்.
பதினேழாம் பிளாக்குக்குப் போகிற வழியை
மணல் என்றும் சொல்ல முடியாது,
அரைத்த செங்கல்.
சொட்டுநீர்க் குழாய் எங்கே வெடித்தாலும்
எந்நேரமானாலும் நான்தான் போகவேண்டும்.
என் பிக்கப்பில் பின்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும்.
முன்னாலுள்ள இரண்டும் திசை காட்டும்,
பாரம் தொடாது.
"உங்கட சூப்பர்வைசர் மாதிரி" என்றாள் நிரோஜினி.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பது
ஏறுகிறவனுக்கு.
நான் ஏறவே இல்லை,
நின்ற இடத்தில் முழம் இறங்கினேன்.

சனிக்கிழமை, கார்மெலோவின் டயர்க் கடை.
"நாலு அங்குலம் தூக்கிவிடு" என்றேன்.
எதிர்வீட்டு வண்டி அப்படித்தான் நிற்கிறது,
வயலில் கொக்கு நிற்பதுபோல.

அவன் பழந்துணியில்
விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.
"புதைந்தபோது வயிறு தட்டியதா,
சக்கரம் வெறுமனே சுழன்றதா?"

பதில் என்னிடம் இல்லை.
மூன்று முறையும் இறங்கி நின்று
திட்டியிருக்கிறேன்.
ஒருமுறையும் குனிந்து பார்க்கவில்லை.

"தூக்கினால் கல்லைத் தாண்டுவாய்,
மணல் உயரத்தைப் பார்க்காது.
நாலு அங்குலத்துக்கு என்ஜினியர் கையெழுத்து வேண்டும்,
பிரேக் குழாயை நீட்டவேண்டும்,
வளைவில் வண்டி
யோசித்து யோசித்துத்தான் திரும்பும்."

சுவரோரம் சேற்று டயர்கள்,
பலாப்பழத் தோல்போல முள்முள்ளாய்.
எனக்கு அதுதான் பிடித்தது.
அவன் தலையை ஆட்டினான்:
மணலில் அது கிணறு தோண்டும்,
தார் ரோட்டில் மில்டூரா போய்ச் சேரும்வரை
தேன்கூடாய் இரையும்.
பிறகு உருட்டிக்கொண்டு வந்தது
இரண்டுங்கெட்டான் டயர் ஒன்று.
ரோட்டுக்கும் கொஞ்சம், காட்டுக்கும் கொஞ்சம்.
அழகில்லை.

இதற்கிடையில் நிரோஜினி
கடையில் நின்ற உயர்ந்த வண்டி ஒன்றின் கதவைத் திறந்து
ஏறிப் பார்த்தாள்.
பாதி வழியில் நின்றாள்.
பத்து மணிநேரம் திராட்சைப் பெட்டிக்கு முன்னால்
நிற்கிற முழங்கால் அது.
இறங்கி வந்து
எங்கள் வண்டியின் படியில் கையை வைத்தாள்.
"இதுக்கு மேல ரெண்டு விரற்கடை.
அதுக்கும் மேல எண்டால்
நீங்கள்தான் என்னைத் தூக்கி ஏத்தவேணும்."

அவள் என்ன சொன்னாள் என்று கார்மெலோ கேட்டான்.
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.
நாடாவைப் பிடித்து அளந்தான்.
"நாற்பது மில்லிமீட்டர்" என்றான்,
"அந்த ஸ்பிரிங் என்னிடம் இருக்கிறது."

பழைய டயர் கழித்து இரண்டாயிரத்து நூறு டொலர்.
சாவியோடு ஒரு காற்றளவி தந்தான்,
கட்டைவிரல் பருமன்.
"மணலில் இறங்குமுன் காற்றை விடு,
பதினெட்டுக்கு வரட்டும்.
தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடி."
உயரம் வாங்க வந்தவனிடம்
இறக்கு என்று சொல்லிக் காசு வாங்கினான்.

இன்னொன்றும் சொன்னான்:
டயர் பெரிசானதால் முள் இனிப் பொய் சொல்லும்.
நூறு காட்டினால் நூற்று நான்கில் போவாய்.
போலீஸ்காரன் உன் முள்ளைக் கேட்கமாட்டான்.

செவ்வாய் இரவு இரண்டு மணி, போன்.
பதினேழாம் பிளாக்.
கேட்டடியில் நிறுத்தி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சக்கரம் சக்கரமாகக் குந்தினேன்.
ஸ்ஸ் என்று நாலு தரம்
வண்டி மூச்சு விட்டது.
டயர்கள் தரையில் கொஞ்சம் சப்பி உட்கார்ந்தன,
வேலை முடிந்து வந்தவர்கள்போல.

இரண்டாம் கியர். பிரேக்கைத் தொடவில்லை.
சாமியைக் கூப்பிட்டேனோ தெரியாது.
விளக்கில் வாதுமை மரங்கள் வரிசையாய் நகர்ந்தன,
நகர்ந்துகொண்டே இருந்தன,
அப்புறம்தான் விளங்கியது
நான் நிற்கவில்லை என்று.

வால்வை மூடி,
முழங்கால்வரை நனைந்து,
விலியாமிக்கு அடித்தேன்.
"புதையவில்லை" என்றேன்.

கொஞ்சநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
"பிறகு எதற்கு என்னை எழுப்பினாய்?"