கூட்டக் குறிப்பில் ஏழாவது

ஆண்டுக்கு இரண்டு முறை
குளுகோர் மேட்டுக்கு வண்டி ஓட்டி வருகிறேன்.
தொழில்துறை ஆலோசகர் என்று
கழுத்தில் ஓர் அட்டை மாட்டுகிறார்கள்.
பார்க்கிங் இலவசம். ஆளுக்குக் கறிபாப் மூன்று.
ஜன்னலில் பாலம்.
பட்டர்வொர்த்துக்குப் போகும் லாரிகளில்
என்ன ஏறியிருக்கிறது என்று
பழக்க தோஷத்தில் யோசிக்கிறேன்.

உளவு, பாதுகாப்புக் கல்வி.
மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டம்.
"உங்கள் துறைக்கு என்ன வேண்டும்?"
டாக்டர் ரொஹானா பேனா மூடியைக் கழற்றுகிறார்.

சிப் தொழிற்சாலை கோ: தரவு, இன்னும் தரவு.
துறைமுகத்து வீரபத்திரன் ஒரு ட்ரோன் தருகிறாராம்,
பழையதுதான், இறக்கை மாற்ற வேண்டும்.
என் வங்கி சார்பில் ஆறு பயிற்சி இடம்,
இரண்டுக்கு மட்டும் அலவன்ஸ்.
எல்லாம் எழுதப்படுகிறது.

என் முறை.
"'ஒருவேளை' என்ற சொல்லை
ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுங்கள்."
சிரிக்கிறார்கள். நானும் கொஞ்சம்.

அப்புறம் சொன்னேன்.

திருட்டுப் பணம் சுமக்க
வாடகைக்கு எடுத்த கணக்கைக்
கழுதைக் கணக்கு என்போம்.
சுங்கை பட்டாணியில் அப்படி ஒன்று.
பள்ளி கேன்டீனில் மீ கோரெங் கிளறுகிறவருடையது.
ஒரே வாரத்தில் நாற்பத்தோராயிரம் வெள்ளி
வந்த சூட்டோடு போயிருந்தது.
"ஒருவேளை இவருக்குத் தெரிந்திருக்கலாம்"
என்று எழுதினேன்.
அறிக்கை மூன்று மேசை ஏறியது.
முதல் மேசையில் 'ஒருவேளை' உதிர்ந்தது.
இரண்டாவதில் 'தெரிந்திருக்கலாம்'
'தெரிந்திருக்கும்' ஆனது.
மூன்றாவதில்
"இவர் தெரிந்தே செய்தார்".
அடியில் என் கையெழுத்து.

பதினொரு மாதம் கணக்கு முடங்கிக் கிடந்தது.
அட்டையை எடுத்துக் கொடுத்தது மைத்துனன்.

கோ கறிபாப்பின் மடிப்பை
நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார்.
ஏர்கோன் ஒருமுறை இருமியது.

குறிப்பெடுக்க மட்டும் அழைக்கப்பட்டிருந்த
மாணவப் பிரதிநிதி ஹேமலோஷினி
கையைத் தூக்காமலே கேட்டாள்:
"அப்புறம் அவருக்கு யார் போன் பண்ணிச் சொன்னது?"

கணக்கு திறந்த அன்று
இயந்திரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கும்.
மலாயில். அன்புள்ள வாடிக்கையாளரே என்று.
அதைத்தான் பதிலாகச் சொன்னேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.
எட்டாவதுக்குப் போனோம்:
பட்டமளிப்பு விழா விளம்பரதாரர்கள்.

இரண்டு வாரம் கழித்துக் குறிப்பு வந்தது.
யார் யார் கை பட்டதோ,
"ஏழு. எழுத்துத் திறன் வலுப்பட வேண்டும் என்பது
ஆலோசகர் கருத்து. கவனத்தில் கொள்ளப்பட்டது.
திருத்தம் இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள்."

திருத்தம் இருந்தது.
அனுப்பத் தொடங்கி, நிறுத்தி,
பழைய கோப்பைத் திறந்தேன்.
பெயருக்குக் கீழே அவர் எண்,
யாரும் அழுத்தாத பத்து இலக்கம்.

மணி இரண்டரை.
கேன்டீன் மூடியிருக்கும்.

மூடியிருக்கலாம்.