நான்காம் குறுக்குத் தெருவில் ஓர் ஊசி

நேற்றிரவு எழுதினேன் பேச்சை,
கணக்குக் கொப்பியில் இரண்டு பக்கம்.
'உழைப்பின் மகத்துவம்' என்று தொடங்கும்,
'வரலாறு மன்னிக்காது' என்று முடியும்,
இடையில் மூன்று பழமொழி.

நாலு நாட்டாமிகளில்
ஏ.எல். வரை படித்தவன் நான்தான்,
ஆகவே கதைக்கும் வேலை எனக்கு.
மருதை சொன்னார், இர்ஷாத் தலையாட்டினான்,
சுனிமல் மட்டும் கேட்டான்:
"கொச்சர வெலாத?"
பத்து நிமிடம் என்றேன்.
தெருமுனையில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்த லொறியைப் பார்த்துச்
சிரித்தான்.

மூட்டைக்கு முப்பது ரூபாய்.
நாங்கள் கேட்பது நாற்பத்தைந்து.
விடியுமுன் விழித்துவிடும் புறக்கோட்டையில்
மாலை நாலுக்கெல்லாம் என் முதுகு
வேறு யாருடையதோ ஆகிவிடும்.
இந்த வரியும் பேச்சில் இருந்தது.
எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

முதலாளிக்குக் கலங்கவில்லை.
'மகத்துவம்' வந்த இடத்தில் போனை எடுத்தார்,
இரண்டாவது பழமொழியில்
கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் கொள்கலன் பற்றி
யாருடனோ கதைத்தார்,
போனை வைத்துவிட்டு
"சொல்லுங்க தம்பி, சொல்லுங்க" என்றார்,
கதவைக் காட்டும் குரலில்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.
தாள் நடுங்கியது.
அப்போதுதான் மருதை,
நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற மருதை,
தராசுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி
சொன்னார்:
"கோணியூசி துருப்பிடிச்சிருக்கு, ஐயா."

முதலாளி திரும்பினார்.
ஆணியில் தொங்கியது ஊசி,
செம்மண் நிறத்தில், சணல் நூல் சிலந்திவலையோடு.
எத்தனை வருடமாக அங்கே தொங்குகிறது,
நாங்கள் யாரும் பார்த்ததில்லை,
மருதையைத் தவிர.

"போன மாசி வரைக்கும்
அது கைக்குக் கை மாறிக்கிட்டே இருக்கும்" என்றார்.
அதோடு அவருடைய இன்றைய கணக்கு முடிந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.
பேச்சை மூடினேன். கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்தேன்.
கூலி பிரிக்க நான் கிறுக்கி வைத்த கணக்கு:
ஆளுக்கொரு மூட்டையாக அடித்துப்பிடித்து ஓடிய மாசியில்
கிழிந்தது நாற்பத்தொன்று.
நாலு பேரும் வரிசையில் நின்று
தோளுக்குத் தோள் மாற்றத் தொடங்கிய பிறகு
மாதம் மூன்று, நாலு.
இந்த மாதம் ஒன்று.
அது எலி.

"ஒரு மூட்டை கிழிஞ்சா எவ்வளவு பருப்பு போகும்,
உங்களுக்குத் தெரியாததா" என்றான் இர்ஷாத்,
தொகையைச் சொல்லாமல்.
முதலாளியின் விரல் தானாகவே
கால்குலேட்டரை இழுத்தது.

அவர் தட்டிக்கொண்டிருந்தார்.
எனக்கு வாய் ஊறியது:
இதோ, இப்போது அந்தக் கடைசி வரியைச் சொன்னால்...
'வர' என்று தொடங்குவதற்குள்
இர்ஷாத்தின் குதிகால் என் பெருவிரலில் இறங்கியது.
சுனிமல் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தான்.
தமிழ் புரியாதவனுக்கு
நான் எப்போது வாய் திறப்பேன் என்பது மட்டும்
எப்படியோ புரிந்திருந்தது.

மின்விசிறி சுற்றியது.
செத்தல் மிளகாய் நெடியில்
நாலு பேரும் தும்மலை அடக்கினோம்.

"முப்பத்தெட்டு" என்றார் முதலாளி.

எட்டு ரூபாய்.
பிளேன்டீக் கடையில் அதை எட்டு விதமாகப் பிரித்தோம்.
ஊசி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றான் சுனிமல்,
கணக்கு இல்லாவிட்டால் ஊசி வெறும் ஊசி என்றேன் நான்,
என் குதிகாலை மறந்துவிட்டீர்கள் என்றான் இர்ஷாத்.
மருதை டீயை ஆற்றிக் குடித்தார்.
பேச்சு முழுதாக வாசிக்கப்படாதது
எனக்குள் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது;
அந்த முதுகு வரி நல்ல வரி.

மறுநாள் காலை லொறிக்கு முன்பே போனேன்.
சுவரில் அதே ஆணி.
ஊசி மட்டும் பளபளத்தது,
தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து
புதுச் சணல் நூல் கோர்த்து.

அடுத்த தைக்கு
மருதை வேறெதையாவது பார்த்து வைத்திருக்க வேண்டும்.