கடல்சிங்கம் என்று தேடு

வால்டிவியாவில் ஏப்ரல் முதல் சனி இரவு
பன்னிரண்டைத் தொடப் போன கடிகாரம்
மனம் மாறிப் பதினொன்றுக்குத் திரும்பும்.
ஒரே மணி நேரம் இரண்டு முறை.
ஊர் அதைத் தூங்கிக் கழிக்கும்.

எங்கள் நிரல் தூங்காது.
பதினொன்றரைக்கு ஓட வேண்டிய வேலை
பதினொன்றரைக்கு ஓடியது.
மறுபடி பதினொன்றரை வந்ததும்
கடமை தவறாமல் மறுபடி ஓடியது.
காலை ஏழு மணிப் படகில் இப்போது
ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டு பேர்.

நாங்கள் ஆறு பேர்.
வலை விற்கும் கடைக்கு மேலே ஒரு மாடி,
படகுச் சீட்டுக்கு ஒரு மென்பொருள்,
இரண்டு வாடிக்கையாளர்கள்,
அதில் ஒருவர் பணம் தருகிறவர்.

அன்றிரவு என் முறை.
போன வருடமும் இது நடந்தது,
யாஸ்னா ஒயார்சோ பார்த்துக்கொண்டாள்,
எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.
ஜனவரியில் அவள் வேலையை விட்டு
தெற்கே போகும் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் ஏறிவிட்டாள்.
அவளுக்கு அனுப்பிய செய்தியில்
ஒற்றைக் குறியே விழுந்து கிடந்தது.

விக்கியில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
தேடினேன்:
இரட்டைச் சீட்டு.
கோடை நேரம்.
குளிர்கால நேரம்.
கடிகாரப் பிழை.
கடிகாரம்.
நேரம் என்று மட்டும் கேட்டதற்கு
விடுமுறை விண்ணப்பம் எழுதுவது எப்படி
என்று ஒரு பக்கம் வந்து நின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
உதவும்.
எந்த ஏட்டில் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு மணி. மழை சாய்ந்து அடித்தது.
ஆற்றங்கரைச் சந்தையில்
கடல்சிங்கம் ஒன்று குரைத்தது,
மீன் தலைக்காகப் பகலெல்லாம் குரைத்தது போதாதென்று.

அந்தக் குரலில்தான் நினைவு வந்தது.
இரவு வேலைக்கு அவள் வைத்த பெயர் அது.
ஒன்று கொடுத்தால் இரண்டாவதும் கேட்கும், அதனால்.
சாப்பாட்டு மேசையில் சொல்லி, சிரித்து,
சூப்போடு மறந்துபோன பெயர்.

தட்டினேன்.
ஒரே ஒரு பக்கம். பதினோரு வரி.
"கடல்சிங்கம் இரண்டாம் முறை தின்றால்" என்று தலைப்பு.
முதல் வரி: பயப்படாதே, எதுவும் அழியவில்லை.
கடைசி வரி: முடிந்ததும் படகுத் துறைக்குப் போன் செய்,
அவர்கள் நாலரைக்கே விழித்துவிடுவார்கள்.
நடுவில் இருந்த ஒன்பதையும்
அவள் சொன்ன வரிசையில் செய்தேன்.

பக்கத்தின் ஓரத்தில் அவள் பெயர் சாம்பல் நிறத்தில்,
"செயலற்ற பயனர்" என்று அடையாளம் போட்டு.
செயலற்றவள்
அறுபத்து மூன்று பேரை
அவரவர் இருக்கையில் உட்கார்த்தி வைத்தாள்.

தேடுபொறியைக் குறை சொல்ல மாட்டேன்.
எங்கள் சாப்பாட்டு மேசைக்கு
அதை யாரும் கூப்பிடவில்லையே.

தூங்கப் போகுமுன் ஒரு வேலை செய்தேன்.
பக்கத்தின் அடியில்
அன்றிரவு நான் தேடிய சொற்களை,
பயன்படாத அத்தனையையும்,
எழுத்துப்பிழையோடு தட்டியது உட்பட,
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.
என்னைப் போலவே தவறாகத் தேடுகிறவர்
தவறியும் வந்து சேரட்டும்.

அடுத்த ஏப்ரலில்
புதிதாகச் சேர்ந்த லௌதாரோவின் முறை.
காலையில் கேட்டேன், கிடைத்ததா என்று.
நாற்பது நிமிடம் ஆனது என்றான்.
"பேய்" என்று தேடினானாம்.
ஒரு படகில் எல்லோரும் இரண்டிரண்டு பேர்,
வேறு என்ன என்று நினைப்பது?

பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
கடைசியில், என் பிழைகளுக்கும் கீழே,
அவனே சேர்த்திருந்தான்:
பேய்.