ஒரு புள்ளி குறைவு

ஒன்பது மணி தாண்டிவிட்டால்
அந்த நாள் என்னுடையது.
தூக்குக்கு அழைப்பவர்கள் காலையில்தான் வருவார்கள்.
முன்கூட்டிச் சொல்வதில்லை.
வாரநாள், விடிந்த பொழுது, பூட்ஸ் சத்தம்,
எந்தக் கதவில் நிற்கிறதோ அந்தக் கதவு.
செண்டாயில் பனி விழும் நாட்களில்
வெளியே ஊர் அடங்கிப்போகும்,
நடைக்கூடம் மட்டும் பெரிதாய்க் கேட்கும்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்
அது ஹத்தனாகாவின் கதவில் நின்றது.
பதினொரு வருடம் பக்கத்து அறை.
முகம் பார்த்ததில்லை, இருமலைத் தெரியும்.
சுவருக்கு அப்பால் டொக் டொக்கென்று
எதையோ குத்திக்கொண்டேயிருப்பான்.
பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காவலர் முரோய் கேட்டார்:
பார்வையற்றோர் நூலகத்துக்கு அவன்
பிரெயில் எழுதிக்கொண்டிருந்தான்,
பதினெட்டாம் பக்கத்தில் நிற்கிறது,
நீ தொடர்வாயா?

நான் நடுநிலைப் பள்ளியை முடிக்காதவன்.
இந்தக் கையால் செய்ததென்று சொல்ல
என்னிடம் இருந்தது ஒன்றுதான்:
ஒகிஷிமா என்ற மதுக்கடைக்காரர்,
அவர் கல்லாவில் இருபத்தாறாயிரம் யென்.
நீதிமன்றத்தில் அவர் மனைவி
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடர்கிறேன் என்றேன்.
ஏனென்று இன்றும் தெரியாது.

எழுத்தாணி ஒரு விரல் நீளம்.
தாளின் பின்புறம் குத்த வேண்டும்,
வலமிருந்து இடமாக,
ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறி.
திருப்பினால்தான் நேராகும்.
அது கைவர எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.
கிழித்த தாள்களைச் சலிக்காமல் எண்ணி
வாங்கிப்போனார் முரோய்.
சுட்டுவிரல் காய்த்தது.
இரவிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள்;
கண்ணை மூடிக்கொண்டு
என் எழுத்தை நானே தடவிப் படித்தேன்,
இருட்டில் சோற்றில் கல் தேடுவதுபோல.

'மே' என்ற எழுத்துக்கு ஆறு புள்ளியும் வேண்டும்,
ஒரு குழிகூட மிச்சம் வைக்கக் கூடாது.
எங்கள் மொழியில் 'மே' என்றால் கண்.
இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது.
சுவரைத் தட்டினேன்.
தட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

இரண்டாம் வருடம் ஒரு கடிதம்,
வெறும் புள்ளிகளில்.
யோகோத்தேயிலிருந்து சினாட்சு, வயது பத்து.
'புத்தகம் எழுதியவருக்கு' என்று தொடங்கியிருந்தாள்.
'நாற்பத்தோராம் பக்கத்தில்
இரவு முழுக்கக் கூரைகள்மேல்
வியர்வை பெய்தது என்று இருக்கிறது.
சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.
மழை என்று நினைக்கிறேன்.
மற்றபடி உங்கள் புள்ளிகள் நல்ல புள்ளிகள்.'

'அமே' மழை. 'அசே' வியர்வை.
நடுவில் ஒரே ஒரு புள்ளி.

சிரித்துவிட்டேன்.
முரோய் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தார்.
இந்தத் தளத்தில் சிரிப்பு
அறிக்கை எழுத வேண்டிய விஷயம்.

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது.
மறுவிசாரணைக்கு மனு போடலாம் என்கிறார் வக்கீல்,
நம்பிக்கை என்று அவர் சொல்வது அந்தக் காகிதத்தை.
நான் நூலகத்தாரிடம்
மூன்று பாகங்கள் உள்ள நாவலாகக் கேட்டேன்.
ஆயிரத்து நூறு பக்கம்.
தயங்கினார்களாம். பிறகு
மூன்றையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள்.

ஒகிஷிமாவின் மனைவிக்கு இதில் ஒன்றுமில்லை.
தெரிந்தேதான் குத்துகிறேன்.

இன்று காலை எட்டரைக்குப் பூட்ஸ் சத்தம்.
எழுத்தாணி நிற்கக் கூடாது என்றிருந்தேன்.
நின்றது.
சத்தம் என் கதவைத் தாண்டிப் போய்
சோற்றுவண்டிக்காரனிடம் ஏதோ பேசித் திரும்பியது.

குனிந்து பார்த்தால்
அழுத்தியதில் தாள் ஓட்டை.
காலைச் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கித்
துண்டுக் காகிதம் வைத்து ஒட்டினேன்.
ஈரம் காய வேண்டும்.
காய்ந்ததும் அதே இடத்தில்
மறுபடியும் 'மே'.
மணி பத்தேகால்.