கோதுமை மாப்பசை

எறும்புகள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன.
வங்கிக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுக்
குளித்து வந்தேன்.
உறையின் மடிப்பில் மட்டும்
சிவப்பாய் ஒரு வரிசை.
வங்கிக்காரர் ஒட்டும் கோந்தைத் தேடி
ஒருநாளும் எறும்பு வந்ததில்லை.
இது அடுப்பில் காய்ச்சியது.
விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன்:
கோதுமை மா.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
மேல்மாடி எனக்கு, மாதம் முப்பத்தெட்டாயிரம்,
தண்ணீர் வேறு, ஆறு மாத முற்பணம்.
கீழே வீட்டுக்காரர் அம்பிகைபாகர்.
துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருடம்
பிறர் பெட்டி திறந்த கை.
கேற்றில் இருப்பது ஒரே தபால் பெட்டி,
சாவி அவர் சாரத்து மடியில்.
என் உறைகளின் பின்புறம்
பென்சிலால் சின்னதாய் ஒரு சரி.
பார்த்தாயிற்று, போகலாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
முற்பணம் கொடுத்தவளுக்கு வாய் சிறிது.

ஒரு வியாழன் மாலை
படியில் மறித்தார்.
"மனதைத் தளரவிடாதை பிள்ளை,
அவனுக்குக் குடுத்து வைக்கேல்லை."
கையில் இரண்டு கறுத்தக்கொழும்பான்.
எதற்கென்று தெரியாமலே நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை வந்தது
புதுக்கடைச் சட்டத்தரணியின் கடிதம்.
கலியாணம் முடிந்தது.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்னும்
இதே இரண்டு சொல்லைத்தான்
ஊரெல்லாம் எழுதிப் போட்டோம்.
மாம்பழங்களை அதற்குள் தின்று முடித்திருந்தேன்.
அழுதிருப்பேனோ, தெரியாது.
சிரித்திருக்கவும் கூடும்.
எதுவென்று முதலில் பார்த்திருக்க வேண்டியவள் நான்.
ஆறுதல் வியாழன் வந்து
சேதி சனி வந்தால்
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

இறங்கிப் போய்க் கேட்டேன்.
"மழையில நனைஞ்சு கிடந்தது,
காய வைச்சனான்."
ஆடி மாதம். மூன்று கிழமையாய்
ஒழுங்கை முழுக்கப் புழுதி.
கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தபடி
பிறகு சொன்னார்:
"சென்றிப் பொயின்ற்றில பையைத் திறந்து காட்டினீர்தானே,
அப்ப ஒருத்தரையும் கேக்கேல்லை."

"அவங்களிட்டத் துவக்கு இருந்தது ஐயா.
உங்களிட்ட மாப்பசை."

குசினிக்குள் ஒரு கரண்டி விழுந்தது.
பசை காய்ச்சுவது யாரென்று
அப்போதுதான் விளங்கியது.
அதற்குப் பிறகு அந்த அம்மா
என் கண்ணைப் பார்த்ததில்லை.

சொந்தமாய் ஒரு பெட்டி வாங்கி மாட்டினேன்.
கடல் உப்பு
ஒரு மாதத்தில் பூட்டைத் தின்றது.
தபால்காரர் ஜயலத்தும்
பழகிய கையால் எல்லாவற்றையும்
கீழ்வீட்டு யன்னலிலேயே நீட்டினார்.
கடைசியில் தபால் கந்தோருக்குப் போய்த்
தனிப்பெட்டிக்குப் படிவம் நிரப்பினேன்.
'காரணம்' என்று ஒரு கட்டம்.
மழை என்று எழுதினேன்.
கவுண்டரில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்,
வெளியே வெயிலைப் பார்த்தாள்,
முத்திரையைக் குத்தினாள்.

நாலு மாதம்.
காப்புறுதி நினைவூட்டல், வங்கிக் கணக்கு,
மருந்துக்கடைக்காரர் அனுப்பிய நாட்காட்டி.
ஒருவரும் பிரிக்காத கடிதங்கள்
இவ்வளவு சப்பென்று இருக்குமென்று
எனக்குத் தெரியாது.
ஒன்றைப் பத்து நாள்
பிரிக்காமலே வைத்திருந்தேன்,
என்னால் முடிகிறது என்பதற்காக.
எறும்பு வரவில்லை.

நேற்று அவர் படியடியில் நின்றார்.
மெலிந்திருந்தார்.
"பிள்ளைக்கு இப்ப
ஒருத்தரும் எழுதுறேல்லையோ?"
குரலில் உண்மையான கவலை.
கோபிக்கத்தான் நினைத்தேன்.
"இல்லை" என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டுபேரும்
கரையோர ரயில் போய் முடியும்வரை நின்றோம்.

பிறகு லைட் பில்லை நீட்டினார்.
அதற்கு உறை கிடையாது.
"போன மாதத்தைவிடக் கூட" என்றார்.
"ஓம், தெரியும்" என்று
தெரியாமலே சொல்லிவிட்டு
மேலே ஏறினேன்.